ஊட்டிக்கு ஸ்கூல் டூர்: ஜிப்லைனை விட ஆபத்தானது எது? பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

2022 அக்டோபர் 5. எர்ணாகுளம் மாவட்டம் முளந்துருத்தியில் உள்ள ஒரு பள்ளியிலிருந்து மாணவர்களும் ஆசிரியர்களும் சுற்றுலாப் பேருந்தில் கிளம்பினார்கள். போக வேண்டிய இடம் ஊட்டி. அன்று நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, முன்னால் சென்ற கேரள அரசுப் பேருந்தின் பின்பக்கத்தில் அந்தப் பேருந்து மோதிக் கவிழ்ந்தது. 5 மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் இருந்த 3 பயணிகள் என 9 பேர் உயிரிழந்தனர்.

விபத்து நடந்த நேரத்தில் பேருந்தின் வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். ஜிபிஎஸ் பதிவில் தெரியவந்த தகவல் இது.

அந்த மாணவர்கள் மலை ஏறவில்லை. கயிற்றில் தொங்கவில்லை. காட்டுக்குள் போகவில்லை. ஊட்டியைப் பார்க்கவே இல்லை.

ஸ்கூல் டூர் என்றதும் பெற்றோர் பயப்படுவது பெரும்பாலும் ஜிப்லைன், பாறை ஏற்றம், டிரெக்கிங் போன்றவற்றுக்குத்தான். நீலகிரியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கடந்த சில ஆண்டுகளில் நடந்த விபத்துகளைப் பார்த்தால் வேறு ஒரு படம் கிடைக்கிறது. சாலை, தண்ணீர், மழை, மரம், தேனீ, இவற்றோடு "கிளம்பிட்டோம், இனி நிறுத்த முடியாது" என்ற மனநிலை. சாகச விளையாட்டில் ஆபத்தே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் வேறு. அவை என்னென்ன, பள்ளிகள் என்ன செய்யலாம், பெற்றோர் எதைக் கேட்கலாம் என விரிவாகப் பார்க்கலாம்.

மலைப்பாதையில் என்ன சிக்கல்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை சுமார் 35 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் சாலை சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறது. கல்லாறு, பர்லியாறு, மரப்பாலம், காட்டேரி என்று வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜின் திணறும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து இறங்கும்போது.

2023 செப்டம்பர் 30 அன்று மாலை, ஊட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு தென்காசி மாவட்டம் கடையத்துக்குத் திரும்பிய சுற்றுலாப் பேருந்து மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் உயிரிழந்தனர். பேருந்தில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தனர்.

மலைப்பாதையில் இறங்கும் வாகனம் 2-வது கியரில்தான் வர வேண்டும் என்று வழிநெடுக போர்டு வைத்திருப்பார்கள். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகிய டிரைவர் கியரைக் கூட்டி, வேகத்தைப் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துவார். தொடர்ந்து மிதிக்க மிதிக்க பிரேக் சூடாகி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. 'பிரேக் ஃபெயிலியர்' என்று செய்திகளில் வருவதில் ஒரு பகுதி இப்படி உண்டாவதுதான். பழுதான பிரேக்கே வேண்டியதில்லை, பழக்கமில்லாத கால் போதும்.

அதனால் டூர் ஆபரேட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏசி பஸ்ஸா, நான்-ஏசியா" என்பது அல்ல. டிரைவர் இதற்கு முன் இந்த மலைப்பாதையில் எத்தனை முறை ஓட்டியிருக்கிறார்? மாற்று டிரைவர் இருக்கிறாரா? முந்தைய நாள் இரவு அவர் தூங்கினாரா, அல்லது வேறு ஒரு ட்ரிப் முடித்துவிட்டு நேராக வந்தாரா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேட்க வேண்டும்.

இரவுப் பயணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ராத்திரி கிளம்பினா காலைல ஊட்டி, ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்" என்பதுதான் பெரும்பாலான பட்ஜெட் டூர்களின் கணக்கு. வடக்கஞ்சேரி விபத்துக்குப் பிறகு, பள்ளிச் சுற்றுலாக்களில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பயணம் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று கேரள அரசு வலியுறுத்தியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளும் இதைத் தாங்களாகவே கடைப்பிடிக்கலாம். மிச்சமாகும் அறை வாடகையைவிட அது மலிவு.

வழக்கமாகக் கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வாகனங்கள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என ஒருவழிப் பாதை அமல்படுத்தப்படும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் இருந்து சீசன் நாட்களில் வார நாட்களுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. இ-பாஸ் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போனால் ஆபரேட்டர் வேறு வண்டியை, வேறு டிரைவரை அனுப்ப வாய்ப்பு உண்டு. பள்ளி பார்த்து ஒப்புக்கொண்ட வண்டிதான் வாசலில் நிற்கிறதா என்று பதிவெண்ணைச் சரிபார்ப்பது நல்லது.

வழியில் 'ஒரு குளியல்' போடலாமா?

வேண்டாம். இது பல டூர்களில் அட்டவணையில் இல்லாமலே நடக்கும் நிகழ்ச்சி. மேட்டுப்பாளையம் அருகே பவானி ஆறு பார்க்க அமைதியாக இருக்கும். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் கொஞ்ச நேரத்தில் நீர்மட்டம் ஏறிவிடும். ஆற்றின் நடுப்பாறையில் நிற்பவருக்கு அது தெரிவதற்குள் கரைக்கு வரும் வழி மூழ்கியிருக்கும்.

இது கற்பனை இல்லை. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரும், உடன் சென்ற சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டனர். லார்ஜி அணையிலிருந்து திறக்கப்பட்ட தண்ணீர் அது. நீலகிரியிலும் பைக்காரா, குந்தா, எமரால்டு, அவலாஞ்சி என எல்லாமே மின் உற்பத்தியோடு தொடர்புடைய அணைகள். இந்த ஓடைகளில் வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் வரும்.

படகு சவாரி வேறு விஷயம். ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் படகு இல்லங்கள் உள்ளன. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்னி ஏரியில் பள்ளிக் குழந்தைகள் சென்ற படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தனர். கொள்ளளவைத் தாண்டி ஏற்றியிருந்தார்கள். பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. அங்கே ஆசிரியர்களும் படகில்தான் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். "சின்னப் பசங்கதானே, இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று படகுக்காரர் சொல்லும்போது, கரையில் நிற்கும் ஓர் ஆசிரியராவது எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மறுக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் அவரே பார்க்க வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு பக்கிள் போடாத ஜாக்கெட், தண்ணீரில் விழுந்ததும் கழன்று தனியாக மிதக்கும்.

ஜிப்லைன், பாறை ஏற்றம், கயிற்றுப் பாலம்: எதைப் பார்ப்பது?

முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், பிறகு கயிற்றை.

2018 ஜூலை 12 அன்று கோவை அருகே ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி நடந்தது. இரண்டாவது மாடியின் சன்ஷேடில் தயங்கி உட்கார்ந்திருந்த 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் கீழே தள்ள, முதல் மாடி சன்ஷேடில் தலை மோதி அவர் உயிரிழந்தார். அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், தங்களுக்கும் அந்தப் பயிற்சிக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது.

அந்தச் சம்பவத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, சான்றிதழ் என்று காட்டப்படும் காகிதத்தை யாரும் சரிபார்க்கவில்லை. டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம், உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் படித்தவர் என்றால், எந்த ஆண்டு, எந்தப் படிப்பு என்று கேட்டு அந்த நிறுவனத்திடமே விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் சாகச சுற்றுலா, முகாம் சுற்றுலா நடத்துவோர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்வதற்கான நடைமுறை இருக்கிறது. பதிவு எண் கேட்டால் நேர்மையாக நடத்துபவர் கோபப்பட மாட்டார்.

இரண்டாவது, அந்த மாணவி தயங்கினார். தயங்கும் பிள்ளையைத் தள்ளுவது, கேலி செய்வது, "எல்லாரும் பண்ணிட்டாங்க, நீ மட்டும்தான் பாக்கி" என்று வற்புறுத்துவது எதுவும் பயிற்சி ஆகாது. 'வேண்டாம்' என்று சொல்லும் பிள்ளைக்கு அங்கேயே வேறு வேலை கொடுக்கலாம். பெயர் குறிப்பது, நேரம் பார்ப்பது, ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பது என்று ஏதாவது.

கருவிகளைப் பொறுத்தவரை ஆசிரியர்கள் நிபுணர் ஆக வேண்டியதில்லை. ஹெல்மெட், ஹார்னஸ், காரபினர் எனப்படும் கொக்கி ஆகியவற்றில் சிஇ அல்லது யுஐஏஏ முத்திரை இருக்கிறதா? பெரியவர்களுக்கான ஹார்னஸை இறுக்கிக் கட்டி சிறுவர்களுக்கு மாட்டுகிறார்களா? காரபினரில் பூட்டு உண்டா? ஜிப்லைனில் குறைந்தபட்ச, அதிகபட்ச எடை எழுதி வைத்திருக்கிறார்களா? குறைந்தபட்ச எடை முக்கியம். எடை குறைவான குழந்தை நடுவழியில் நின்றுவிடும். அவரை இழுத்து வர ஆள் போக வேண்டும். துப்பட்டா, விரிந்த தலைமுடி, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு எல்லாம் கப்பியில் சிக்கும் பொருட்கள். ஐடி கார்டை எல்லாப் பள்ளிகளும் கழுத்தில் மாட்டித்தான் அனுப்புகின்றன, எனவே அதைக் கழற்றச் சொல்ல ஒருவர் வேண்டும்.

காட்டுக்குள் போக யார் அனுமதி தர வேண்டும்?

வனத்துறை மட்டுமே. ரிசார்ட் மேனேஜரோ, எஸ்டேட் சூப்பர்வைசரோ, "எனக்கு ரேஞ்சரைத் தெரியும்" என்று சொல்பவரோ தர முடியாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தனர். கொழுக்குமலைக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் அவர்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர்களால் ஓட முடியாது. அந்தச் சம்பவம் குறித்து விசாரிக்க ஐஏஎஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரையிலான தீ அபாயக் காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்படுகிறது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. ஊட்டி கேர்ன்ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை, கூடலூர் ஊசிமலை, அவலாஞ்சி, பார்சன்ஸ் வேலி என்று நீலகிரிப் பாதைகளும் அதில் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால், அந்தந்தப் பகுதி பழங்குடியின, வன கிராம இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் தேவை. பள்ளிக் குழுவுக்குக் கேர்ன்ஹில், லாங்வுட் போன்ற எளிய பாதைகளே தாராளம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மலை உச்சியைவிடச் சோலைக்காடே அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பதும் ஒரு பக்கம்.

தேனீக்கள் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் கூடலூர் ஊசிமலை காட்சிமுனைக்குச் சென்ற கேரள இளைஞர் ஒருவர் மலைத்தேனீக்கள் கொட்டி இறந்தார். பாறை முகப்புகளில் பெரிய அடைகள் தொங்கும் காலம் கோடைதான். புகை, கல் எறிவது, கூச்சல் மட்டுமல்ல, சென்ட் வாசனையும் அவற்றைச் சீண்டும். ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வரக்கூடாது என்று முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். தேனீ துரத்தினால் படுத்துக்கொள்வது, கையை வீசுவது உதவாது. துணியால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும், வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போக வேண்டும். கொடுக்கை உடனே சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், முகம் வீங்குவது, தலைசுற்றல் வந்தால் அது ஒவ்வாமை. ஊசி போடும் இடத்துக்கு நிமிடங்களில் கொண்டுபோக வேண்டிய நிலை.

தேயிலைத் தோட்டத்தில் நடப்பது பூங்காவில் நடப்பது போல் தோன்றும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமைகள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேய்வது தினசரிக் காட்சி. அமைதியாகத்தான் நிற்கும், செல்ஃபிக்கு நெருங்கும் வரை. கரடியும் சிறுத்தையும் தோட்டங்களுக்குள் வரும். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 3 வயதுச் சிறுமியைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. காலை விடிந்ததும், மாலை 4 மணிக்குப் பிறகும் தோட்டப் பாதைகளில் குழுவாகக்கூட நடக்க வேண்டாம். செடிகளுக்கு இடையே வெட்டிய வடிகால்கள் மேலிருந்து தெரியாது. கணுக்கால் சுளுக்கில் பாதி அங்கேதான் நடக்கும். மருந்து அடித்த பகுதி எது என்பதையும் தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். இலை பறிக்கும் அக்காக்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்துக்கும் அந்த மலை தெரியாது.

ஆக்சிஜன் குறையுமா? குளிர் என்ன செய்யும்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். லடாக்கில் வருவது போன்ற உயரப் பாதிப்பு இங்கே வருவது அரிது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்திருந்தால் போதும். வளைவுகளில் வாந்தி வருவது ஆக்சிஜன் பிரச்சினை அல்ல.

குளிர் வேறு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் அதிகாலைகளைவிட ஆபத்தானது, மழையில் நனைந்த பிறகு காற்றில் நிற்பது. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சும். மேலே ஸ்வெட்டர் போட்டாலும் பயனில்லை. ஈரத்தைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணி போட வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நடுக்கம் நின்று, குழறிப் பேசி, தூக்கம் வருவதாகச் சொன்னால் 'சரியாயிடுச்சு' என்று நினைக்கக் கூடாது. அது மோசமாகிவிட்டதற்கான அறிகுறி. ஒவ்வொருவர் பையிலும் ஒரு ரெயின்கோட், ஒரு செட் மாற்றுத் துணி பாலிதீன் உறைக்குள் இருக்க வேண்டும். பாலிதீன் என்றதும் நினைவுக்கு வருகிறது: நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக், தண்ணீர் பாட்டில் எல்லாம் தடை. உறையைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மழை அலெர்ட் வந்தால் டூரை ரத்து செய்ய வேண்டுமா?

ஒரே மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2009 நவம்பரில் குன்னூர், ஊட்டி சுற்றுவட்டாரத்தில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2025 மே 25 அன்று நீலகிரிக்கு ரெட் அலெர்ட் விடுக்கப்பட்டிருந்தது. அன்று ஊட்டி–கூடலூர் சாலையில் 8-வது மைல் பகுதியில் குடும்பத்துடன் வந்திருந்த 15 வயது கேரளச் சிறுவன் மீது மரம் விழுந்து உயிரிழந்தான். மழை ஈரத்தில் மண் இளகிய பிறகு காற்று அடித்தால் யூகலிப்டஸ் போன்ற உயரமான மரங்கள் அப்படியே சாயும். மரத்தடியில் பஸ்ஸை நிறுத்துவது, மரத்தடியில் மதிய உணவு சாப்பிடுவது இரண்டும் மழை நாளில் கூடாது.

ரெட் அலெர்ட் என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழைக்கு வாய்ப்பு என்று அர்த்தம். ரத்து செய்ய வேண்டியதுதான், விவாதமே தேவையில்லை. ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர். மலையில் இதுவே சாலையை அடைக்கப் போதும்.

சிக்கல் வானிலையில் இல்லை, பணத்தில். அட்வான்ஸ் கட்டியாயிற்று, பிள்ளைகள் ஒரு மாதமாகக் காத்திருக்கிறார்கள், பஸ் வாசலில் நிற்கிறது. அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆசிரியருக்கு எளிதில் வாய் வராது. அதனால் அந்த முடிவை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். ஆரஞ்சு, ரெட் அலெர்ட் வந்தால் தேதி மாற்றம் அல்லது பணம் திரும்ப என்று ஆபரேட்டரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். எந்த நேரத்துக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்ப வேண்டும் என்பதையும் காலையிலேயே எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட வேண்டும். நீலகிரியில் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் பத்தடி முன்னால் போகிறவர் தெரியமாட்டார்.

இன்னொரு முக்கியமான விஷயம், டூரை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. தாளாளரிடம் போன் போட்டுக் கேட்டுச் சொல்லும் நிலையில் ஆசிரியர் இருந்தால், சிக்னல் இல்லாத இடத்தில் யாரிடமும் அதிகாரம் இல்லை என்று பொருள். குழுவோடு போகும் ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு, "இவர் நிறுத்தச் சொன்னால் நிற்கும், காரணம் கேட்க மாட்டோம்" என்று பள்ளி நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஜூனியர் டீச்சராக இருந்தாலும் சரி.

வெளிநாடுகளில் இது எப்படிக் கட்டாயமானது?

1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் பே கடல் பகுதியில் கயாக் படகில் அழைத்துச் செல்லப்பட்ட பள்ளி மாணவர்கள் 4 பேர் இறந்தனர். அந்தப் பயிற்சி மையத்தில் முன்பு வேலை பார்த்தவர்கள், அங்கே பாதுகாப்பு சரியில்லை என்று ஏற்கெனவே கடிதம் எழுதி எச்சரித்திருந்தது விசாரணையில் வெளிவந்தது. மையத்தை நடத்திய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குச் சென்றார். 1995-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2008-ல் நியூசிலாந்தில் மங்கடேபோபோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளத்தில் 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்த பிறகு, அங்கேயும் 2011-ல் சாகச நடவடிக்கைகளுக்கான விதிகள் வந்தன.

"ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து போட்டுட்டீங்களே": அப்புறம் பள்ளிக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது. 1995 மே மாதம் பஞ்சாப் மாநிலம் பதான்கோட் அருகே உள்ள டல்ஹவுசி பப்ளிக் பள்ளி மாணவர்கள் சுற்றுலா சென்றபோது பியாஸ் ஆற்றில் 14 பேர் மூழ்கி இறந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எம்.எஸ். கிரேவால் எதிர் தீப் சந்த் சூட் என்ற அந்த வழக்கில் 2001-ல் தீர்ப்பு வந்தது. உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியும் பொறுப்பு என்று சொன்ன நீதிமன்றம், ஒவ்வொரு குழந்தையின் குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது.

பள்ளி அழைத்துப் போகும்போது பெற்றோரின் இடத்தில் ஆசிரியர் இருக்கிறார். 'எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி பொறுப்பல்ல' என்று அச்சடித்த வரி அந்தக் கடமையைத் துடைத்துவிடாது. ஒப்புதல் கடிதத்தின் உண்மையான பயன் வேறு. ரத்த வகை, ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, தினசரி மாத்திரை, நீச்சல் தெரியுமா, அவசரத்துக்கு இரண்டு போன் எண்கள். இதெல்லாம் இல்லாத கடிதம் பெற்றோருக்கும் பயன்படாது, டாக்டருக்கும் பயன்படாது.

ஒருவர் காணாமல் போனால் எப்போது தெரியும்?

2018 அக்டோபரில் சென்னையைச் சேர்ந்த 7 பேர் ஊட்டியிலிருந்து மசினகுடி நோக்கி காரில் இறங்கினார்கள். கல்லட்டி மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்தது. தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பாததால் தேடல் தொடங்கி, 2 நாள் கழித்துத்தான் கார் கண்டுபிடிக்கப்பட்டது. 5 பேர் இறந்திருந்தனர். 2 பேர் உயிரோடு இருந்தார்கள், அந்தப் பள்ளத்தில், 2 நாளும்.

பள்ளிக் குழுவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது. ஊரில் பள்ளியில் ஒருவர் போனோடு இருக்க வேண்டும். குழு எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு அடுத்த போன் வரும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்தும் போன் வரவில்லை என்றால் அவர் காத்திருக்காமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை அழைக்க வேண்டும். மலையில் சில இடங்களில் ஒரு கம்பெனி சிக்னல் மட்டுமே கிடைக்கும், எனவே ஆசிரியர்களிடம் வெவ்வேறு நெட்வொர்க் சிம் இருப்பது நல்லது.

நடக்கும்போது முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர். கடைசி ஆசிரியருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது, ஷூ லேஸ் கட்டுவதற்காக என்றாலும். பஸ் ஏறும்போது, இறங்கும்போது, டாய்லெட் நிறுத்தத்துக்குப் பிறகு என்று ஒவ்வொரு முறையும் தலை எண்ண வேண்டும். மாணவிகள் இருந்தால் பெண் ஆசிரியர் உடன் இருக்க வேண்டும், தங்கும் இடத்தில் இரவிலும்.

புறப்படும் முன் போனில் பதிந்து வைக்க வேண்டியவை: ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112, குழந்தைகள் உதவி எண் 1098. வெளியூரிலிருந்து 1077-ஐ அழைத்தால் நீங்கள் இருக்கும் மாவட்டத்துக்குத்தான் போகும். எனவே ஊரில் போனோடு இருப்பவரிடம் நீலகிரி எஸ்டிடி குறியீடு 0423-உடன் சேர்த்து அந்த எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், குன்னூரில் லாலி அரசு மருத்துவமனையும் உள்ளன. பெரிய சிகிச்சைக்குக் கோவைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கும், அதற்கு அதே மலைப்பாதையில் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.